குழாய்க்கும் கடைமடை உண்டு

வீட்டுக்கு வீடு இணைப்பு வந்துவிட்டது என்கிறது சர்க்கார் கணக்கு. வந்த குழாயில் தண்ணீர் வருகிறதா, எந்தத் தெருவரை வருகிறது, வராத நாளில் கிராமத்தார் யாரைப் போய்க் கேட்பது?

இராமநாதபுரம் ஜில்லாவில் கடலாடிக்கும் முதுகுளத்தூருக்கும் இடைப்பட்ட கிராமங்களில், வெயில் முற்றிய சித்திரை வைகாசி மாதங்களில், பொழுது புலர்வதற்கு இரண்டு நாழிகை முன்பாகவே தெருவில் ஒரு கிறீச்சொலி கேட்கத் தொடங்கிவிடும். அது தள்ளுவண்டிகளின் சக்கரம் எழுப்பும் ஒலி. எட்டோ பத்தோ பிளாஸ்டிக் குடங்கள் ஆடாமல் அசையாமல் உட்காரும்படி இரும்புக் கம்பிகளை வட்டம் வட்டமாக வளைத்து, கீழே சக்கரம் பூட்டி, உள்ளூர்ப் பட்டறையில் செய்து வாங்கிய அந்த வண்டியைத் தள்ளிக்கொண்டு பெண்கள் வற்றிய கண்மாயை நோக்கி நடக்கிறார்கள். கண்மாயின் நடுவே ஆள் இறங்கும் ஆழத்துக்கு ஊற்றுக் குழி தோண்டியிருக்கிறது. ஒருத்தி குழிக்குள் இறங்கி, அடியில் சுரந்து நிற்கும் கலங்கல் நீரைத் தேங்காய்ச் சிரட்டையால் மோந்து மோந்து மேலே நீட்ட, கரையில் நிற்பவள் வாயில் துணி கட்டிய குடத்தில் அதை வடிகட்டி வாங்கிக்கொள்கிறாள். இரண்டு குடம் நிரம்புவதற்குள் ஊற்று ஓய்ந்துவிடும். மறுபடி ஊறும்வரையில் மற்றவர்கள் வரிசையில் குந்தியிருக்க வேண்டியதுதான்.

குடங்கள் நிறைந்து அவர்கள் திரும்பும்போது நன்றாக விடிந்துவிடுகிறது. அந்த வெளிச்சத்தில், வீடுகளின் வாசலில் சிமெண்டுக் கட்டையில் பொருத்திய குழாய்கள் வரிசையாகத் தெரிகின்றன. மத்திய சர்க்காரின் ஜல் ஜீவன் திட்டத்தில் வந்த இணைப்புகள் அவை. சிலவற்றில் வாரத்துக்கொரு முறை நீர் வரும். சிலவற்றில் பரீட்சார்த்தமாகத் திறந்துவிட்ட நாளன்று வந்ததோடு சரி. வேறு சில, ஆட்டுக்குட்டியைக் கட்டி வைக்கும் முளையாக ஏதோ ஒரு பிரயோஜனத்தைத் தந்துகொண்டிருக்கின்றன.

இந்த முரணைக் கண்டதும் திட்டமே வீண் என்று தீர்ப்புச் சொல்லிவிடுவது சுலபம். அது நியாயமாகாது. ஆற்றங்கரையை ஒட்டிய ஊர்களிலும், கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பிரதானக் குழாய் பக்கத்திலேயே செல்லும் ஊர்களிலும், அதே ஆண்டில், அதே செலவில், அதே மாதிரியான குழாயிலிருந்து தினந்தோறும் காலையில் குடம் குடமாக நல்ல நீர் கொட்டுகிறது; அங்கே இடுப்பில் குடம் சுமந்து வளர்ந்த பெண்ணுக்கு, அடுக்களைக்குப் பக்கத்தில் குழாயைத் திருகும் சௌகரியம் ஒரு விடுதலைக்குச் சமானம். ஒரே திட்டம் ஓரிடத்தில் விடுதலையாகவும் மற்றோரிடத்தில் பரிகாசமாகவும் ஆகிவிடுவதற்குக் காரணம் என்ன என்பதே நாம் விசாரிக்க வேண்டிய விஷயம்.

செங்கோட்டையில் சொன்ன வாக்கு

கிராமத்துக்குக் குடிநீர் வேண்டும் என்ற பிரயத்தனம் நேற்றுத் தோன்றியதன்று. 1954 இல் தேசிய அளவில் முதல் திட்டம் வந்தது. 1972-73 இல் அதைத் துரிதப்படுத்த இன்னொன்றும், 1986 இல் தேசியக் குடிநீர் இயக்கமும் வந்தன. தமிழ்நாட்டுக்கென்று குடிநீர் வடிகால் வாரியம் 1971 இல் ஏற்பட்டது. எழுபதுகளில் யுனிசெப் ஸ்தாபனத்தின் துணையோடு கோயமுத்தூர் வட்டாரத்தில் சோதிக்கப்பட்டு உருவான ‘இந்தியா மார்க்-2’ என்ற அடிபம்பு, நம் கிராமத்துத் தெருமுனைகளில் மட்டுமன்றி ஆப்பிரிக்காவின் கிராமங்களிலும் போய் நின்றது. பிறகு ஆழ்துளைக் கிணறு வந்தது. மேல்நிலைத் தொட்டி வந்தது. இருபது முப்பது வீடுகளுக்கு ஒன்றாகத் தெருக்குழாய் வந்தது. தெருக்குழாயடிச் சண்டையும் கூடவே வந்தது.

2019 ஆகஸ்டு 15 அன்று பிரதமர் நரேந்திர மோடி செங்கோட்டையில் நின்று, ஐந்தாண்டுகளுக்குள் கிராமத்து வீடு ஒவ்வொன்றுக்கும் குழாய் மூலம் நீர் கிடைக்கும் என்று அறிவித்தார். அதுவரையில் ‘ஊருக்குக் குடிநீர்’ என்று இருந்த இலக்கு அன்று முதல் ‘வீட்டுக்குக் குடிநீர்’ என்று மாறியது. இது சிறிய மாற்றமன்று. தெருக்குழாய் வரையில் சர்க்காரின் பொறுப்பு, அங்கிருந்து வீடு வரையில் பெண்ணின் இடுப்பினுடைய பொறுப்பு என்று எழுதாமல் எழுதி வைத்திருந்த பாகப்பிரிவினை, அந்த அறிவிப்பினால் முதன்முறையாக ரத்தாயிற்று.

---

சில எண்கள்

● திட்டம் தொடங்கியபோது தேசத்தில் குழாய் இணைப்புப் பெற்றிருந்த கிராமக் குடும்பங்கள்: 3.23 கோடி, நூற்றுக்குச் சுமார் 17. 2025 பிப்ரவரியில் மத்திய நிதியமைச்சர் பட்ஜெட் உரையில் சொன்ன கணக்கு: 15 கோடி, நூற்றுக்கு 80.

● தமிழ்நாட்டில் கிராமக் குடும்பங்கள் சுமார் 1.25 கோடி. 2019 இல் இணைப்பு இருந்தவை 22 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. இப்போது 1.10 கோடிக்கு மேல்.

● வாக்களிக்கப்பட்ட அளவு: ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். அதற்கு முந்திய திட்டத்தில் 40 லிட்டர்.

● மதிப்பிட்ட செலவு: 3.60 லட்சம் கோடி ரூபாய். அதில் மத்திய சர்க்காரின் பங்கு 2.08 லட்சம் கோடி. தமிழ்நாடு போன்ற ராஜ்யங்கள் பாதிக்குப் பாதி.

● கெடு: முதலில் 2024. பிறகு 2028 வரையில் நீட்டிப்பதாக 2025 பட்ஜெட்டில் அறிவிப்பு.

---

இந்த எண்களில் ஐயம் கொள்ள வேண்டியதில்லை. இணைப்புகள் தந்தது உண்மையே. ஆனால் மத்திய சர்க்காரே 2022 இல் நடத்தி வெளியிட்ட மதிப்பீட்டில், போதிய அளவு, முறையான நேரம், தரம் ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்த இணைப்புகள் ஆராயப்பட்ட வீடுகளில் நூற்றுக்கு 62 என்றுதான் தெரியவந்தது. மிச்சமிருக்கும் முப்பத்தெட்டின் கதை எங்கேயோ ஒரு பிழையால் நேர்ந்த தற்செயல் அன்று. அதற்கு ஒரு விலாசம் உண்டு.

தலைமடைக்காரரும் கடைமடைக்காரரும்

காவிரிப் பாசனத்தில் பழகிய நமக்குக் கடைமடையின் துக்கத்தை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. மேட்டூரில் எத்தனை ஆயிரம் கன அடி திறந்தாலும், வாய்க்காலின் தலைப்பில் இருப்பவன் வயல் நிறைந்து, நடுவில் இருப்பவன் வயல் நிறைந்து, கடைசியில் இருப்பவனுக்கு ஈரமாவது எட்டுமா என்ற கவலை இருந்துகொண்டே இருக்கும். தண்ணீரை மண்ணுக்கடியில் குழாய்க்குள் அடைத்துவிட்டால் இந்த வியாதி தீர்ந்துவிடும் என்று எண்ணினோம். தீரவில்லை, இடம் மாறி, குடிநீருக்குள் குடியேறிவிட்டது.

கூட்டுக் குடிநீர்த் திட்டம் என்று நாம் சொல்வது, ஓர் ஆற்றிலிருந்து எடுத்த நீரைச் சுத்திகரித்து, பம்பு வைத்து ஏற்றி, நூற்றுக்கணக்கான கிராமங்களின் வழியே ஒரே குழாய்த் தொடரில் அனுப்பும் ஏற்பாடு. தமிழ்நாட்டில் இவ்வகைத் திட்டங்கள் ஐந்நூறுக்கு மேல் இருக்கின்றன. இராமநாதபுரம், சிவகங்கை, புதுக்கோட்டை ஜில்லாக்களுக்காக அமைந்த திட்டம், திருச்சிக்கு அருகே காவிரிப் படுகையில் எடுத்த நீரை நூற்றைம்பது கிலோமீட்டருக்கும் அப்பால், மூவாயிரத்துக்கு மேற்பட்ட குடியிருப்புகளுக்குக் கொண்டு செல்லும்படி வகுக்கப்பட்டது. அத்தனை தூரத்தில் வழியெல்லாம் கிளை பிரிகிறது, கசிவு நேர்கிறது, சாலை அகலப்படுத்தும் இயந்திரம் குழாயை உடைக்கிறது, பம்பிங் ஸ்டேஷனில் மின்சாரம் போகிறது, வழியோரத்து ஊர்கள் தங்கள் பங்குக்குமேல் சற்று எடுத்துக்கொள்கின்றன. இவற்றையெல்லாம் தாண்டி, முதுகுளத்தூருக்கு அப்பால் இருக்கும் கடைசி கிராமத்தின் தொட்டியை எட்டும்போது, ஆற்றிலிருந்து பிரவாகமாகப் புறப்பட்டது நூலிழையாக மெலிந்திருக்கும்.

சரி, தொட்டிக்கு வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அங்கிருந்து இரண்டாவது கடைமடை ஆரம்பமாகிறது. தொட்டியை ஒட்டிய தெருவில் அழுத்தம் நன்றாக இருக்கும். மேட்டுத் தெருவுக்கும் கடைசித் தெருவுக்கும் குழாய் காற்றைத்தான் ஊதும். இதைச் சமாளிக்க வசதியுள்ளவர்கள் குழாயிலேயே சிறு மோட்டாரை மாட்டி உறிஞ்சிக்கொள்கிறார்கள். சட்டத்தில் அதற்கு இடமில்லை; ஆனால் விடியற்காலையில் வீட்டுக்குள் ஓடும் மோட்டாரைப் பிடிப்பது யார்? ஒருவர் மாட்டினால் பக்கத்து வீட்டுக்காரர் மாட்டியே தீர வேண்டும். இல்லையேல் அவர் குழாய் வறளும். இதன் விளைவு அளவோடு நின்றுவிடுவதில்லை. மோட்டார் உறிஞ்சும்போது குழாய்க்குள் அழுத்தம் வெளியை விடக் குறைந்து, இணைப்புகளின் விரிசல் வழியாகச் சாக்கடைக் கசிவையும் சேற்றையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். நாள் முழுவதும் நீர் நிறைந்த குழாயில் இந்த அபாயம் மிகக் குறைவு. நாளைக்கு ஒரு மணி நேரம் ஓடி மிச்ச நேரம் காலியாகக் கிடக்கும் குழாயில்தான் அதிகம். நம் கிராமத்துக் குழாய்களில் மிகப் பெரும்பாலானவை இரண்டாவது ரகம்.

இராமநாதபுரத்துக்கு வேறு வழி தேடாமலும் இல்லை. தொண்ணூறுகளின் கடைசியில் நரிப்பையூரில், கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் ஒன்று, நாளொன்றுக்கு 38 லட்சம் லிட்டர் என்ற லட்சியத்தோடு தொடங்கிற்று. அக்காலத்தில் தேசமே வியந்து பார்த்த முயற்சி அது. உப்பு அரித்த இயந்திரமும் பராமரிப்புச் செலவும் சேர்ந்து சில ஆண்டுகளில் அதை நலிவடையச் செய்தன. கட்டுவதற்குக் கிடைக்கும் பணம் காப்பதற்குக் கிடைப்பதில்லை என்ற சங்கதி புதியதன்று. நரிப்பையூர் அதற்கு ஒரு பெரிய சாட்சி, அவ்வளவே.

பல்லில் எழுதிய சரித்திரம்

தருமபுரி, கிருஷ்ணகிரி ஜில்லாக்களின் துயரம் வேறு வகையானது. அங்கே நீர் இல்லாமை மட்டும் பிரச்சினையன்று. இருந்த நீரே பிரச்சினை. அந்தப் பிரதேசத்துப் பாறைகளில் ஃப்ளோரைடு கலந்த தாதுக்கள் உண்டு. கிணறு ஆழமில்லாத காலத்தில் மழைநீரின் கலப்பால் தீங்கு மட்டுப்பட்டிருந்தது. ஆழ்துளைக் கிணறுகள் நூறு அடி, முந்நூறு அடி, அறுநூறு அடி என்று இறங்க இறங்க, பாறை இடுக்கில் நெடுங்காலம் தங்கி அதன் சத்தையெல்லாம் உறிஞ்சிக்கொண்ட நீர் மேலே வந்தது. லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரையில் ஃப்ளோரைடு இருக்கலாம், வேறு வழியில்லாவிடில் 1.5 வரையில் பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர நிர்ணய விதி. அந்த எல்லையைத் தாண்டிய கிணறுகள் அங்கே ஏராளம். குழந்தையின் பல்லில் பழுப்புக் கறை படிகிறது. எத்தனை தேய்த்தாலும் போகாத கறை. வயது ஏற ஏற மூட்டுகள் இறுகி, முதுகு வளைந்து, உழைக்கும் சரீரம் நாற்பதிலேயே கிழப்பருவம் எய்துகிறது. குடித்தவர்களுக்கு ருசியிலோ நிறத்திலோ எந்த வித்தியாசமும் தெரியாது என்பதே இந்த விஷத்தின் சாமர்த்தியம்.

இதற்குப் பரிகாரமாக, எல்லையிலேயே ஓடும் காவிரியிலிருந்து ஒகேனக்கல்லில் குடிநீர் எடுக்கலாம் என்று 1998 இல் கர்நாடகத்துடன் உடன்பாடு ஏற்பட்டது, 1.4 டி.எம்.சி. நீருக்கு மத்திய சர்க்காரின் இசைவும் கிடைத்தது. 2008 பிப்ரவரி 26 இல் முதலமைச்சர் மு. கருணாநிதி அடிக்கல் நாட்டினார். அடிக்கல் காய்வதற்குள் கர்நாடகத்தில் கிளர்ச்சி எழுந்தது, பேருந்துகள் நின்றன, சினிமாக்காரர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள், கர்நாடகத்துத் தேர்தல் முடியட்டும் என்று வேலை சில காலம் ஒத்திவைக்கப்பட்டது. பிறகு ஜப்பான் நாட்டுக் கடனுதவியுடன், 1,928 கோடி ரூபாய் மதிப்பீட்டில் வேலை நடந்து, 2013 மே 29 அன்று முதலமைச்சர் ஜெயலலிதா திட்டத்தை அர்ப்பணித்தார். மூன்று நகராட்சிகளும் பதினேழு பேரூராட்சிகளும் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட கிராமக் குடியிருப்புகளும் இதனால் பயன்பெறும்படி ஏற்பாடு. இரு கட்சிகளும் பங்கு கோரும் இத்திட்டத்தில் பங்கு கோர இருவருக்கும் உரிமை உண்டு என்பது என் அபிப்பிராயம். நம் ராஜ்யத்தில் ஒரு கட்சி அடிக்கல் நாட்டியதை மறு கட்சி முடித்து வைப்பது அத்தனை சாதாரணமன்று.

ஆனால் ஒகேனக்கல் நீர் வந்த ஊர்களில் ஒரு விபரீதம் நேர்ந்தது. காவிரி நீர் போதிய அளவு வராத நாட்களில் என்ன செய்வது? ஊராட்சியின் பழைய ஆழ்துளைக் கிணறு பக்கத்திலேயே இருக்கிறது, மோட்டாரும் இருக்கிறது, தொட்டியும் ஒன்றே. ஆகவே இரண்டையும் ஒரே தொட்டியில் விட்டுத் திறந்துவிட்டார்கள். குடும்பத்தலைவிக்குக் குடம் நிறைந்தது. தொட்டி இயக்குபவருக்கு வசவு மிச்சமாயிற்று. ஃப்ளோரைடு மட்டும் பழையபடி குடத்துக்குள் திரும்பி வந்தது. கோடிக்கணக்கில் செலவிட்டு மலையேற்றிக் கொண்டுவந்த நீரை, எந்த நீரிலிருந்து தப்புவதற்காகக் கொண்டுவந்தோமோ அதனோடேயே கலந்து குடிப்பதை அறியாமை என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடலாகாது. சமைக்கவும் குடிக்கவும் ஒரு நீர், குளிக்கவும் துவைக்கவும் மாட்டுக்கும் வேறு நீர் என்று இரண்டு தொட்டியும் இரண்டு குழாயும் வைத்துப் பிரிப்பதற்கு வேண்டிய பணத்தை யாரும் ஊராட்சிக்குத் தரவில்லை. அளவு குறையும்போது தரம் பலியாகும். கூச்சல் அளவுக்குத்தான் எழும், தரத்துக்கு எழாது.

---

மலையேறும் நீரின் மின்சாரக் கணக்கு

ஒகேனக்கல் கடல்மட்டத்துக்கு ஆயிரம் அடிக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது. ஓசூரோ ஏறக்குறைய மூவாயிரம் அடியில். ஆயிரம் லிட்டர் நீரை இரண்டாயிரம் அடி ஏற்றுவதற்கு, பம்புகளில் நேரும் நஷ்டத்தையும் சேர்த்துப் பார்த்தால், சுமார் இரண்டரை யூனிட் மின்சாரம் செலவாகும். ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு ஆளுக்கு 55 லிட்டர் வீதம் மாதம் எட்டாயிரத்துச் சொச்சம் லிட்டர் தேவை. ஆகவே ஓசூர்ப் பக்கத்துக் கிராமத்தில் ஒரு வீட்டுக் குழாய் திறப்பதற்குப் பின்னால் மாதந்தோறும் இருபது யூனிட் மின்சாரம் மறைந்திருக்கிறது. சுத்திகரிப்பு, ஆட்கூலி, பழுதுபார்ப்பு எல்லாம் அதற்குமேல். ஊராட்சி வசூலிக்கும் குடிநீர்க் கட்டணமோ சில பத்து ரூபாய். அதுவும் எல்லா வீட்டிலும் வசூலாவதில்லை.

---

வால்வைத் திறப்பவர்

இத்தனை பெரிய யந்திரத்தின் கடைசிக் கண்ணியாக ஒரு மனிதர் இருக்கிறார். மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி இயக்குபவர் என்பது அவருடைய உத்தியோகப் பெயர். ஊரில் அவர் ‘தண்ணி திறந்து விடுறவர்’ அல்லது ‘டேங்க் ஆபரேட்டர்’. அதிகாலையில் மோட்டாரைப் போட்டு, தொட்டி நிறைந்ததும் தெருத் தெருவாகச் சென்று கேட் வால்வைத் திருகி, இன்ன தெருவுக்கு இத்தனை நேரம் என்று பங்கிடுபவர் அவரே. “அண்ணே, எங்க தெருவுக்கு எப்பண்ணே விடுவீங்க?” என்ற கேள்வியை நாள்தோறும் நூறு தடவை காதில் வாங்குபவரும் அவரே. பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றுவதும், பதினைந்து நாளைக்கொரு முறை தொட்டிக்குள் இறங்கித் தேய்த்துக் கழுவுவதும், கழுவிய தேதியையும் மறுபடி கழுவ வேண்டிய தேதியையும் தொட்டியின் சுவரில் பெயிண்டால் எழுதுவதும் அவர் வேலை. இத்தனைக்கும் அவர் பெறும் ஊதியம் கூலி வேலைக்குப் போகிறவர் பெறுவதை எட்டுவதில்லை. ஆகவே அவரும் கூலி வேலைக்குப் போகிறார். அவர் வயலுக்குப் போய்விட்ட நாளில் வால்வு திறப்பது யாரென்று கேட்டால், பெரும்பாலும் அவருடைய மனைவியோ மகனோ என்றுதான் பதில் வரும்.

குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்பது விதி. அதை அளக்க வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு கிராமத்திலும் ஐந்து பெண்களுக்குப் பயிற்சி அளித்து, சோதனைப் பெட்டியும் கொடுக்கத் திட்டத்தில் இடமுண்டு. இது நல்ல ஏற்பாடு. நான் இத்திட்டத்தில் மிகவும் மெச்சும் அம்சமும் இதுவே. குடத்து நீரில் ஒரு துளி மருந்தை விட்டு நிறம் மாறுவதைத் தன் கண்ணால் பார்த்த பெண், பிறகு ஊராட்சி அலுவலகத்தில் போய் நிற்கும்போது பேச்சின் சுருதியே வேறாக இருக்கும். பெட்டியில் மருந்து தீர்ந்தபின் மறுபடி யார் வாங்கித் தருவது என்பதை ஒருவரும் சொல்லிவைக்காததுதான் குறை.

குழாய் நீரின் மேல் நம்பிக்கை இல்லாத இடத்தில் வியாபாரம் நுழைந்துகொள்கிறது. இன்று கிராமத்துக் கடைகளிலும் இருபது லிட்டர் கேன் அடுக்கியிருக்கிறது. குட்டியானை வண்டியில் தொட்டி கட்டிக்கொண்டு குடத்துக்கு இவ்வளவு என்று விற்பவரின் ஹாரன் ஒலி தெருவில் கேட்கிறது. குழாய் இணைப்பு உள்ள வீடு என்று கணக்கில் ஏறிய குடும்பமே குடிப்பதற்குக் காசு கொடுத்து வாங்குகிறது. நகரத்தார் கொடுப்பதைவிட ஏழைக் கிராமத்தார் லிட்டருக்கு அதிக விலை கொடுக்கும் விந்தை இவ்விதம் நடக்கிறது.

தொட்டியில் கலந்தது

1924 ஆகஸ்டில் சென்னைச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலையில் நடக்கவும், பொதுக் கிணற்றிலும் குளத்திலும் நீர் எடுக்கவும் தாழ்த்தப்பட்ட மக்களுக்குத் தடையிருக்கலாகாது என்பது அதன் சாரம். தீர்மானம் நிறைவேறியது, மறுமாதம் சர்க்கார் ஆணையும் பிறந்தது. கால் நூற்றாண்டு கழித்து அரசியல் சட்டத்தின் பதினைந்தாவது ஷரத்து அதையே தேசம் முழுமைக்கும் உரிமையாக்கிற்று. எழுத்தில் முடிந்த அந்தக் காரியத்தைக் குழாய் நடைமுறையில் முடித்துவைக்கும் என்று நம்புவதற்கு நியாயம் இருந்தது. ஏனெனில் கிணற்றுக்குக் கரை உண்டு, கரையில் காவல் நிற்கலாம். மண்ணுக்கடியில் ஓடும் குழாய்க்கு எந்தத் தெருவும் தீண்டத்தகாததன்று.

2022 டிசம்பர் கடைசியில் புதுக்கோட்டை ஜில்லா வேங்கைவயலில், தலித் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரியவந்தது. குடித்த குழந்தைகள் நோயுற்ற பிறகே விஷயம் வெளிப்பட்டது. வழக்கு சி.பி.சி.ஐ.டி.யிடம் சென்றது, ஈராண்டு கழித்து 2025 ஜனவரியில், அதே சமூகத்தைச் சேர்ந்த மூவர்மீதே குற்றப்பத்திரிகை தாக்கலாயிற்று, அதைப் பாதிக்கப்பட்ட மக்களும் பல கட்சியினரும் ஏற்க மறுத்தார்கள். வழக்கின் உண்மையை நீதிமன்றம் தீர்மானிக்கட்டும். நம் கட்டுரைக்கு வேண்டியது வேறொரு விவரம்: அந்த ஊரில் காலனிக்கென்று தொட்டி தனியாக இருந்தது. தமிழ்நாட்டின் எத்தனையோ ஊராட்சிகளில் ஊருக்கு ஒரு தொட்டி, காலனிக்கு ஒரு தொட்டி என்று கட்டிவைத்திருக்கிறோம். ஒரே தொட்டியிலிருந்து போனாலும் காலனிக்குச் செல்லும் குழாய் பெரும்பாலும் தொடரின் கடைசியிலே இருக்கும். வால்வைத் திருகும் கை முதலில் எந்தத் தெருவுக்குத் திரும்புகிறது என்பதற்குப் பொறியியல் காரணம் மட்டுமே இருப்பதில்லை.

மிச்சமான நேரமும் மிஞ்சிய நீரும்

நீர் ஒழுங்காக வரும் ஊர்களில் என்ன ஆயிற்று என்பதையும் பார்க்க வேண்டும். தேசம் முழுவதும் எல்லா வீட்டுக்கும் குழாய் வந்தால் நாள்தோறும் ஐந்தரைக் கோடி மணி நேரம் மிச்சமாகும், அதில் முக்கால் பங்கு பெண்களுடையது என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2023 இல் மதிப்பிட்டது. வயிற்றுப்போக்கால் நேரக்கூடிய நான்கு லட்சம் மரணங்கள் தடுக்கப்படலாம் என்றும் அது கணித்தது. பொருளாதாரத்துக்கு நோபல் பரிசு பெற்ற மைக்கேல் கிரேமர் குழுவினரின் கணிப்பு, கிடைக்கும் நீர் பாதுகாப்பானதாகவும் இருந்தால் ஆண்டுக்கு ஐந்து வயதுக்குட்பட்ட 1.36 லட்சம் குழந்தைகளின் உயிர் பிழைக்கும் என்கிறது. பாதுகாப்பானதாக இருந்தால் என்ற நிபந்தனையில்தான் அந்த வாக்கியத்தின் பாரம் முழுவதும் இருக்கிறது.

மிச்சமான மணி நேரம் எங்கே போயிற்று என்று விசாரித்தால், நூறு நாள் வேலைக்கும் பீடிச் சுற்றுக்கும் ஆட்டுக்கும் மாட்டுக்கும் போயிற்று என்றே தெரிகிறது. ஓய்வாக மாறியது கொஞ்சம்தான். ஆனாலும் பள்ளிக்கூடத்து முதல் மணிக்கு நேரத்தில் போய்ச் சேரும் சிறுமிகள் கூடியிருக்கிறார்கள் என்பதை அலட்சியம் செய்யலாகாது; தண்ணீர் இல்லாத ஊருக்குப் பெண் கொடுக்கத் தயங்கும் தகப்பன்மார் இருக்கும் பிரதேசத்தில், குழாய் கலியாணப் பேச்சையும் மாற்றுகிறது.

வீட்டுக்குள் வந்த நீர் வெளியேயும் போயாக வேண்டுமல்லவா? இதை யோசித்தவர்கள் குறைவு. குடத்தில் சுமந்த காலத்தில் துளித் துளியாகச் செலவானது, குழாயில் வந்தபின் வாளி வாளியாகச் செலவாகிறது. அதில் பெரும்பகுதி கழிவுநீராகத் தெருவுக்கு வருகிறது. சாக்கடை இல்லாத தெருவில் அது குட்டையாகத் தேங்கி, கொசுவை வளர்த்து, அந்தத் தெருவின் அடியிலேயே செல்லும் குடிநீர்க் குழாயின் விரிசலைத் தேடிக்கொண்டு நிற்கிறது. வீட்டுக்கொரு உறிஞ்சு குழி என்று திட்டத்தில் சொல்லியிருக்கிறது. குழாய்க்கு நடந்த திறப்பு விழா உறிஞ்சு குழிக்கு நடப்பதில்லை.

இன்னொரு நஷ்டம் ஊருணிகளுடையது. இராமநாதபுரம், சிவகங்கைப் பிரதேசத்தில் ஊருணி என்பது வெறும் குளமன்று. குடிப்பதற்கென்றே ஒதுக்கி, சுற்றிலும் சுவரெழுப்பி, கால்நடை இறங்காமலும் துணி துவைக்காமலும் ஊர்க் கட்டுப்பாட்டோடு காத்துவந்த ஸ்தாபனம். கட்டுப்பாட்டின் நீதியில் குறை இருந்தது; எல்லா ஜாதியாரும் எல்லாப் படித்துறையிலும் இறங்க முடிந்ததில்லை. குழாய் வரும் என்ற வாக்குறுதி வந்ததும் ஊருணியைத் தூர் வாருவது நின்றது; வரத்துக் கால்வாயில் வீடு எழுந்தது. குழாயில் நீர் வராத கோடையில் திரும்பிப் போவதற்கு இப்போது ஊருணியும் இல்லை. ஆகவேதான் கண்மாய் நடுவே குழி தோண்டுகிறார்கள். தொலைவிலிருக்கும் காவிரியும் வேண்டும், பக்கத்திலிருக்கும் ஊருணியும் வேண்டும்; ஒன்று வந்தால் மற்றொன்றைக் கைவிடலாம் என்ற எண்ணம் நம் திட்டக்காரர்களை எப்போது பிடித்ததோ தெரியவில்லை.

யாரிடம் கேட்பது?

விதிப்படி ஒவ்வொரு கிராமத்திலும் குடிநீர்க் குழு ஒன்று இருக்க வேண்டும். பத்து முதல் பதினைந்து பேர். பாதிப் பேர் பெண்கள். கிராமத்துக்குள் அமையும் வேலையின் செலவில் பத்தில் ஒரு பங்கை ஊரார் பணமாகவோ உழைப்பாகவோ தர வேண்டும். மலைப்பிரதேசங்களிலும் ஆதிதிராவிடரும் பழங்குடியினரும் பெரும்பான்மையாக வாழும் இடங்களிலும் இருபதில் ஒரு பங்கு. சொந்தப் பணத்தைப் போட்டால் சொந்தம் என்ற உணர்ச்சி வரும் என்பது கொள்கை. உண்மையில் குழாய் பதித்த ஒப்பந்தக்காரர் வேலை முடிந்ததும் போய்விடுகிறார். ஆற்றிலிருந்து ஊர்த் தொட்டி வரையில் வாரியத்தின் பொறுப்பு, தொட்டியிலிருந்து வீடு வரையில் ஊராட்சியின் பொறுப்பு என்று எல்லை வகுத்திருக்கிறார்கள். நீர் வராத நாளில் ஊராட்சி வாரியத்தைக் காட்டும். வாரியம் மின்சாரத்தைக் காட்டும். மின்சார அலுவலகம் ஊராட்சியின் கட்டண பாக்கியைக் காட்டும்.

இதற்கிடையில், 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த ஜில்லாக்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. ஒவ்வொருவர் பொறுப்பிலும் பல ஊராட்சிகள். தலைவர் எத்தனை குறையுள்ளவராயினும் அவர் வீட்டு வாசலில் காலிக் குடத்தோடு போய் நிற்க முடியும். ஒன்றிய அலுவலகத்துக்குப் பஸ் ஏறிப் போய்க் குடத்தை வைப்பது அப்படியன்று.

ஆண்டுக்கு ஆறு கிராமசபைக் கூட்டங்கள் என்று 2022 இல் வகுத்தபோது, உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22 ஐயும் அதில் ஒரு நாளாகச் சேர்த்தார்கள். கோடை தொடங்கும் சமயம், பொருத்தமான நாள்தான். அங்கே வாசிக்கும் வரவு செலவில் மின்கட்டணம் இவ்வளவு, குழாய்ப் பழுது இவ்வளவு என்று இரண்டு வரியில் குடிநீர் முடிந்துவிடுகிறது. எந்தத் தெருவுக்கு எந்த நாளில் எத்தனை நேரம் வால்வு திறக்கப்பட்டது என்ற பதிவையும் தெருவின் பெயர் சொல்லி, கடைசித் தெருவிலிருந்து ஆரம்பித்து, உரக்க வாசிக்கும்படி கேட்பதற்கு ஊராருக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.